ஒன்றையும் விடாத மனுசி

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு மட்டும்தான். மன்னாரில் சிஸ்டர்மார் படிப்பித்த எழுத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சொல் மறக்கும், முதல் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லுவேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் நான். மறக்க ஏலாத ஒரு ஆளைப் பற்றி எழுதித் தாங்கோ என்று எங்கட ரெனான் பெண்கள் வட்டத்து மலருக்குக் கேட்டபோது மற்றவை எல்லாரும் பங்குச் சுவாமி, படிப்பித்த டீச்சர் என்று நல்ல ஆக்களை எடுத்துவிட்டினம். எனக்கு நினைவில் வந்தவவை நல்ல மனுசி என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் மறக்க ஏலாது என்றுதானே கேட்டிருக்கினம்.

அவ ஒரு சீனத்து மனுசி. ரெனான் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கட்டடத்தில் மேல் மாடியில் தனிய இருந்தவ. நான் கிழமையில் ரண்டு காலை போய் வீடு துடைத்து, உடுப்பு அயன் பண்ணிக் கொடுத்தேன். அவவின்ர பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பிழையாய்த்தான் எழுதுவேன். எனக்கும் அவவுக்கும் பிரெஞ்சுதான். என்ர பிரெஞ்சு வேலைத்தலத்தில் பொறுக்கினது, அவவின்ரது கடைக்குப் போய்வரப் போதும். அவ சொன்னதுகளை எங்கட தமிழில் எழுதுகிறேன்.

அவவின்ர தொழில் என்னவென்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. ரெனானிலிருந்து ரெயினில் போகிற தூரத்தில், ஜெனீவாவில் பெரிய பெரிய கூட்டங்கள் நடக்கும். சீனர் சீனத்தில் பேசுவினம், மற்றவை இங்கிலீஷில் பேசுவினம். இவ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, பேசுகிறவர் பேசப் பேசவே மற்றப் பாஷையில் சொல்லிக்கொண்டு போவா. அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்து சொல்லுகிறது இல்லை. காது ஒரு பக்கத்தால் வாங்க, வாய் மற்றப் பக்கத்தால் விட வேண்டும். அரை வசனம்தான் இடைவெளி.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துபோட்டுப் போய்விட்டா. எனக்கு டெலிபோன் அடித்து, எடுத்துக்கொண்டு ரெயினில் ஜெனீவாவுக்கு வரச் சொன்னா. போனேன். அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை என்னைப் பின்பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டி வாசலில் விட்டது. அங்கேதான் அவவை வேலையில் கண்டேன். மேடையில் ஒரு பெரியவர் மேசையில் குத்திக் குத்திக் கோபமாய்ப் பேசினார். பெட்டிக்குள் இவவும் காற்றில் குத்தினா, கழுத்து நரம்பு புடைத்தது. அவர் குரலைத் தணித்து அழுவார் போலப் பேசினார். இவவின்ர குரலும் அழுதது. பேந்து பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் மைக்கைக் கொடுத்தா. அவ்வளவுதான், முகம் துடைத்த சிலேட்டுப் போல ஆகிவிட்டது. தோடம்பழம் ஒன்றை எடுத்து உரித்தா.

வெளியில் வந்து கண்ணாடியை வாங்கும்போது கேட்டேன், "அவர் என்னத்துக்கு அழுதவர்?"

"தெரியாது. முடிஞ்ச உடனை என்ர தலையிலை ஒண்டும் நிக்காது."

அந்தப் பெட்டி மேசையில் ஒரு பொத்தான் இருந்தது. இருமலுக்கு என்று காட்டினா. இருமல் வந்தால் பெருவிரலால் அமத்திப் பிடிக்க வேணுமாம். அமத்தியிருக்கும் மட்டும் இவவின்ர சத்தம் வெளியில் ஒருத்தருக்கும் கேளாதாம். "இந்த நாட்டிலை எனக்குப் பிடிச்ச ஒரே சாமான் இதுதான்" என்று சொல்லிச் சிரித்தா. அவ சிரித்ததை நான் கண்டது குறைவு.

அவவுக்கு ஒரு பேச்சு இருந்தது. "விட்டால் களவு, கூட்டினால் பொய்." தொழிலுக்குச் சொல்லுகிற பேச்சு அது. ஆனால் அவ தொழிலை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குள் வருகிறவ இல்லை.

வீட்டில் ரேடியோ போட்டால், அது பேச இவவும் கூடவே முணுமுணுப்பா. நான் கதைத்தாலும் அப்படித்தான். "மதாம், சவர்க்காரம் முடிஞ்சுது" என்று நான் சொல்லி முடிக்கும் முன் அவவின்ர உதடு அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கும். நான் தடக்கினால் அவவும் தடக்குவா. பயிற்சியாம். எனக்கு முன்னாலேயே என்னை உரித்துக் காயப்போடுகிற மாதிரி இருக்கும். அதுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் தேவையில்லாமல் ஒரு சொல் கதைத்ததில்லை.

மன்னாரில் என்ர அக்கா செத்த செய்தி அந்த வீட்டில் நிற்கும்போதுதான் வந்தது. மகன் டெலிபோனில் சொன்னான். நான் அயன் பெட்டியைச் சட்டையிலிருந்து எடுக்காமலே "ஐயோ, ஐயோ அக்கா, ஐயோ" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவ மேசையில் இருந்தபடி என்னைப் பார்க்கிறா. உதடு அசைகிறது. சத்தம் வராமல், என்ர வாய் போன மாதிரியே அவவின்ர வாயும் போகிறது.

நான் மூக்கைச் சிந்தின பிறகு கேட்டா, "அந்தச் சொல்லை மூண்டு தரம் சொன்னீங்கள். அதுக்கு என்ன அர்த்தம்?"

"அதுக்கு அர்த்தம் இல்லை, மதாம்."

"அப்ப ஏன் மூண்டு தரம்?"

நான் அயன் பெட்டியைத் தூக்கினேன். அதின் கீழ் அவவின்ர வெள்ளைச் சட்டை எரிந்துபோய் இருந்தது. அதுக்கு மட்டும் அவ ஒன்றும் சொல்லவில்லை. அதையும் சொல்லத்தானே வேணும்.

கீழே கடைத்தெருவில் ஒரு சீனத்துச் சமையல்காரர் இருந்தார். வேறொருவரின் ரெஸ்ரோரண்டில் வேலை. சொந்தமாய் ஒரு சின்னக் கடை எடுத்து, பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட வேணும் என்று தவமாய்க் கிடந்தவர். எங்கட தெருவில் ஒரு கடை வாடகைக்கு வந்தது. அதை விடுகிற ஏஜெண்டு இங்கிலீஷ் கதைக்கிற ஆள். சமையல்காரர் இவவிடம் கெஞ்சினார். இவவும் ரண்டு பேரையும் தன்ர மேசைக்கே கூப்பிட்டா. சமையல்காரர் பழைய கோட்டுப் போட்டு, தலைக்குத் தண்ணி தடவி வந்திருந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன்.

கொஞ்ச நேரம் நல்லாய்த்தான் போனது. பேந்து ஏஜெண்டு இவவைப் பார்த்துச் சிரித்து, குரலை இறக்கி ஏதோ சொன்னார். இவவின்ர வாய் நிற்கவில்லை. சமையல்காரரின் முகம் கறுத்தது. எழும்பி, ரண்டு பேருக்கும் தலை குனிந்து கும்பிட்டுவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார். அதுக்குப் பிறகு அவரை நான் ரெனானில் காணவில்லை.

கோப்பை கழுவும்போது கேட்டேன், "அந்த ஏஜெண்டு என்ன சொன்னவர்?"

"இவனுக்குக் கடை குடுத்தால் தெரு முழுக்க எண்ணெய் மணக்கும் எண்டு சொன்னார். இதை அவனுக்குச் சொல்லாதேங்கோ எண்டும் சொன்னார்."

"நீங்கள் சொல்லிப்போட்டீங்களோ?"

"ரண்டையும் சொன்னன். சொல்லாதேங்கோ எண்டதையும்."

"ஏன் மதாம்? பாவமெல்லோ."

"நான் தீர்மானிக்கிறதோ எந்த வசனம் பாவம், எந்த வசனம் பாவம் இல்லை எண்டு?" சொல்லிவிட்டு, ஏஜெண்டு மிச்சம் விட்ட தேத்தண்ணியையும் எனக்கு முன்னால் இருந்த தொட்டியில் ஊற்றிவிட்டா.

இனித்தான் தாயைப் பற்றி. இதைத்தான் நான் முதல் எழுதியிருக்க வேணும்.

ஒரு வசந்த காலத்தில் தாய் மனுசி சீனாவிலிருந்து மகளைப் பார்க்க வந்தா. என்ர வயதுதான். ஒல்லி, கண் மட்டும் துருதுரு என்று. வந்த கையோடு வயிற்றுக்குள் நோ என்றா. கோடை காலத்தில் ஆஸ்பத்திரியில் பார்த்தால் புற்றுநோய். சீனாவில் இருக்கிற மகன், இவவின்ர தம்பி, டெலிபோனில் ஒரே பிடியாய்ச் சொல்லிவிட்டார், அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று. வயிற்றுப் புண், ஆறினதும் பிளேன் ஏறலாம் என்று சொல்லிவைக்க வேணும், சொன்னால் மனம் முறிந்து மனுசி கெதியில் போய்விடும் என்று. அவையின்ர வழக்கம் அப்படியாம். எங்கட ஆக்களும் அப்படித்தானே. புற்றுநோய் என்று வாயால் சொல்லமாட்டோம், "அந்த வருத்தம்" என்போம்.

எனக்கு அதிசயம், இவ அதுக்கு ஓம் என்றது. என்னையும் கூப்பிட்டு எச்சரித்தா. "அவவுக்கு முன்னாலை முகத்தை நேராய் வைச்சிருங்கோ. உங்கட முகம் எல்லாத்தையும் சொல்லிப்போடும்."

"நீங்கள் ஒண்டையும் விடமாட்டீங்களே, மதாம்" என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேனோ தெரியாது.

"அது வேலை. இது அம்மா" என்றா.

அந்த ஒரு சொல்லுக்காக அண்டைக்கு அவவில் எனக்குக் கொஞ்சம் விருப்பம் வந்தது.

தாய் மனுசியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தினம். நான் கஞ்சி வடித்துப் பிளாஸ்கில் கொண்டுபோவேன். அவையின்ர நாட்டிலும் கஞ்சி இருக்காம், கண்ட உடனே மனுசி கையைத் தட்டினா. மகள் அதை எனக்குப் பிரெஞ்சில் சொல்லும்போது "சூப்" என்பா. எனக்கும் மனுசிக்கும் பாஷை இல்லை. கையை விரித்துப் பிளேன் பறக்கிற மாதிரிக் காட்டுவா. தன்னைத் தொட்டுக் காட்டி, பேந்து ஜன்னலைக் காட்டுவா. கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் அடுக்கி, பூட்டுப் போட்டு இருந்தது. நான் முகத்தை நேராய் வைத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

டொக்டர்மார் வந்தால் இங்கிலீஷில்தான் கதைப்பினம், இவ அப்படிக் கேட்டிருந்தா. இவ தாயின் காதுக்குக் கிட்டக் குனிந்து, டொக்டர் பேசப் பேச மெதுவாய்ச் சீனத்தில் சொல்லுவா. அங்கே பெட்டி இல்லை, பொத்தான் இல்லை, வேலை மட்டும் அதேதான். வழக்கமாய் வருகிற லேடி டொக்டரோடு முதலே ஒழுங்கு. கட்டிலடியில் சாப்பாடு, நித்திரை, நோ, இவ்வளவும்தான் கதை. மற்றதெல்லாம் வெளியில், கொரிடோரில். லேடி டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. "அந்த அம்மாவாய்க் கேட்கும் வரைக்கும் பொறுக்கிறன்" என்று சொல்லியிருந்தாவாம்.

அந்த நாள் லேடி டொக்டர் லீவு. வேறொரு இளம் டொக்டர் வந்தார். நல்ல பிள்ளை, கட்டில் ஓரத்தில் இருந்து, மனுசியின் கையைப் பிடித்து, அவவின்ர கண்ணைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். இவ வழக்கம் போல் குனிந்தா. நான் கால்மாட்டில் பிளாஸ்கோடு நின்றேன். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, சீனமும் தெரியாது. ஆனால் கஞ்சிக் கோப்பையைப் பிடித்திருந்த மனுசியின் கை அப்படியே நின்றதைக் கண்டேன். மகளின் வாய் போய்க்கொண்டே இருந்தது. டொக்டர் நிற்பாட்டின பிறகு, அரை வசனம் பிந்தி, அதுவும் நின்றது.

பேந்து மனுசி கேட்டா, டொக்டர் சொன்னார். மறுபடி கேட்டா, டொக்டர் கையில் இருந்த பைலைப் பார்த்துச் சொன்னார். தாய் மகளைப் பார்க்கவில்லை, மகள் தாயைப் பார்க்கவில்லை. ரண்டு பேரும் டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தினம்.

லிஃப்டில் இறங்கும்போது இவ எனக்குச் சொன்னா. நான் கேட்கவில்லை. வரிசை மாறாமல், ஒன்றையும் விடாமல், அவரவர் குரலில் சொன்னா.

டொக்டரின் குரலில்: "பரிசோதனை மறுமொழி நல்லாய் இல்லை. புற்றுநோய் ஈரல் வரைக்கும் போயிட்டுது. வெட்டி எடுக்க ஏலாது. நோவைக் குறைக்கலாம்."

தாயின் குரலில்: "நான் பிளேனிலை போகலாமோ?"

"இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"டொக்டர், இது என்ர மகளுக்குத் தெரியுமோ?"

"ஓம். பைலிலை எழுதிக் கிடக்கு. அவவுக்குக் கோடை காலத்திலையே சொல்லியிருக்கு."

"உங்கட வாயாலையோ அதையும் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"வேற ஆற்ரை வாய் அங்கை இருந்தது?"

"நிப்பாட்டியிருக்கலாமே, மதாம்."

"டொக்டர் நிப்பாட்டேல்லையே" என்றா. லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. அவ இறங்காமல் நின்றா. கதவு தானாய் மூடி, எங்களை மறுபடி மேலே கொண்டுபோனது.

அந்த நாளிலிருந்து தாய் மனுசி மகளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் பேசாமலும் விடவில்லை. பழிவாங்க ஒரு வழி கண்டுபிடித்தா, அந்த வழி நான்தான். நான் கதிரையில் போய் இருந்த உடனே என்னைப் பார்த்துச் சீனத்தில் தொடங்குவா. எனக்கு விளங்காது என்று அவவுக்குத் தெரியும். அது எனக்காக இல்லை. நடுவில் இருக்கிற மகள் அதை வாயால் எடுத்து எனக்குப் பிரெஞ்சில் தர வேணும், அதுதான் தண்டனை. மகளும் தந்தா. ஒன்றையும் விடாமல்.

"மதாம், இவள் சின்னனிலை பக்கத்து வீட்டுக் கொன்னைப் பெடியனைப் போலக் கொன்னிக் காட்டுவாள். நான் அடிச்சனான். அடிச்சது போதாது."

"மதாம், உங்கட மகள் உங்களை இப்பிடி ஏமாத்துவாளோ?"

"எனக்கு மகள் இல்லை, மகன் மட்டும்தான்" என்றேன். அதைச் சீனத்தில் சொன்னா. மனுசி சிரித்து ஏதோ சொன்னா.

"குடுத்துவைச்சவ எண்டு சொல்லுறா" என்றா மகள். முகம் துடைத்த சிலேட்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுவிட்டுச் சொன்னேன், "அம்மா, உங்கட மகள் ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு ஜெனீவாவிலையிருந்து நேராய் இஞ்சை ஓடி வாறா. சாப்பிடுறதும் இல்லை." மகள் ஒரு கணம் என்னைப் பார்த்தா. பேந்து குனிந்து, அதையும் சொன்னா. தன்னைப் பற்றித் தானே சொல்லுகிறது என்று குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

மறுமொழி உடனே வந்தது. "பஸ்ஸும்தான் ஒவ்வொரு நாளும் வருது."

அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. நான் என்ன சொன்னாலும் அது கல்லாய்த்தான் திரும்பி வரும், அதை எறிகிற கையும் அவவின்ர கையாய்த்தான் இருக்கும்.

இன்னொரு நாள்: "மதாம், என்ர சாம்பலை இவள் தொடக் கூடாது. மகன் வந்து கொண்டுபோகட்டும்." அதைச் சொல்லும்போது மகளின் கையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோப்பை இருந்தது, தாய்க்குத் தண்ணி பருக்க. சொல்லி முடித்துவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் பருக்கினா. தாயும் குடித்தா. இப்படி ஒரு தாயையும் மகளையும் நான் கண்டதில்லை. சண்டை பிடித்தாலும் எங்கட ஆக்கள் கத்தி முடித்துவிட்டுச் சோறு போடுவினம்.

கடைசியாய் நான் போன நாள் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. பஸ் பிந்தி, நான் ஓடி ஓடி வெறுங்கையோடுதான் போய்ச் சேர்ந்தேன். மனுசியின் மூக்கில் ஒட்சிசன் குழாய். சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இல்லை, ஆரோ எடுத்துவிட்டினம். நான் கதிரையில் இருந்தேன். மகள் வழக்கமான இடத்தில், நடுவில்.

மனுசி என்னைப் பார்த்து ஒரு சொல் தொடங்கினா. பேந்து கண் மெல்லத் திரும்பி மகளிடம் போய் நின்றது. அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் நேரே மகளைப் பார்த்தா. பார்த்தபடியே கதைத்தா. நீளமாய்க் கதைத்தா. மூச்சு வாங்கி, நிற்பாட்டி, மறுபடி கதைத்தா. ஒரு இடத்தில் குரல் உயர்ந்தது, ஒரு இடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அது ஏச்சோ, மன்னிப்போ, வேறென்னவோ, எனக்குத் தெரியாது.

நான் பிரெஞ்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மகளின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. வலது கைப் பெருவிரலால் கட்டில் கம்பியை அமத்திக்கொண்டிருந்தா. நகம் வெள்ளையாய்ப் போயிருந்தது. அமத்தினபடியே இருந்தா. மனுசி முடித்துவிட்டுக் கண்ணை மூடினா. பனி விழுகிறதுக்குச் சத்தம் இல்லை, மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்ன சொன்னவ, மதாம்?" என்று கேட்டேன்.

அவ விரலை எடுத்தா.

"சூப் நல்லாயிருந்ததாம்" என்றா.

அவ்வளவு நீளமான கதைக்கு ரண்டு சொல். நான் பிரெஞ்சில் நன்றி, "மெர்சி" என்றேன். அண்டைக்கு இரவே மனுசி போய்விட்டா. மகன் வந்து சாம்பலைக் கொண்டுபோனார். மகள் தொடவில்லை, சொன்னபடியே. கொஞ்ச நாளில் அவ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டா. என்ர பிளாஸ்கைக் கழுவித் துடைத்து, மூடி வேறாய் வைத்துத் திருப்பித் தந்தா. தரும்போது நான் ஏதோ நன்றி சொன்னேன். அவவின்ர உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை.

இதில் பிழைகள் இருக்கும். அவ வீடு எந்த மாடி, மனுசி வந்தது வசந்தத்திலோ அதுக்கு முன்னமோ, ஈரலோ வேறு உறுப்போ, எனக்கு வடிவாய் நினைவில்லை. சீனரிடம் அப்படி மறைக்கிற வழக்கம் உண்மையில் இருக்கோ, பெட்டிக்குள் இருக்கிற பொத்தானுக்கு நான் எழுதின மாதிரித்தான் வேலையோ, அதுவும் தெரிந்தவை ஆராவது பார்த்து, பிழை என்றால் அச்சடிக்க முன் திருத்திவிடுங்கோ, கோவிக்க மாட்டேன். ஒன்றை மட்டும் தொடாதேங்கோ. அந்தக் கடைசி நாள் நான் கஞ்சி கொண்டுபோகவில்லை. அதுக்கு முந்தின கிழமை முழுக்க மனுசி ஒரு வாய் விழுங்கவும் இல்லை. அது எனக்கு நல்ல நினைவு.